அழகுக்காக மாற்றப்படும் பிரேக் ஆயில் கலன்: தேர்வு செய்யும்போது கவனிக்க வேண்டியது என்ன?

புதுதில்லி: பழைய இருசக்கர வாகனங்களைப் பிரித்து, கஃபே ரேசர், பாபர் போன்ற தோற்றங்களில் மாற்றியமைப்பவர்களுக்குக் கடைசி வரை கண்ணை உறுத்துவது, கைப்பிடியின் வலப்பக்கம் துருத்தி நிற்கும் ரிசர்வாயர் எனப்படும் பிரேக் ஆயில் கலன். சட்டகமும் பெட்ரோல் டேங்க்கும் பளபளக்க, நிறுவனம் பொருத்திய பிளாஸ்டிக் கலன் மட்டும் ஒட்டாமல் தெரியும். தில்லி கரோல் பாக் போன்ற உதிரிபாகச் சந்தைகளிலும் இணையத்திலும் அதற்கு மாற்றாக விற்பனையாகும் அலுமினியக் கலன்களும் கண்ணாடி போன்ற குடுவைகளும் அழகானவையே. ஆனால், இது அலங்காரப் பொருள் மட்டுமல்ல.

டிஸ்க் பிரேக்கின் பேட்கள் தேயத் தேய, காலிப்பரில் உள்ள பிஸ்டன் சற்றே வெளியே நகரும். அவ்வாறு உருவாகும் இடத்தை நிரப்பக் கலனிலிருந்து திரவம் இறங்கும். எனவே கலனின் அளவுக்கோடு இரண்டு செய்திகளைத் தருகிறது. மெதுவாக இறங்கினால் பேட் தேய்கிறது. திடீரென இறங்கினால் எங்கோ கசிகிறது. இக்காரணத்தால்தான், இருசக்கர வாகன பிரேக்குகளுக்கான ஐ.நா. விதிமுறை எண் 78, மூடியைத் திறக்காமலேயே திரவத்தின் அளவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்கிறது. புதிய பேட் முழுமையாகத் தேயும் வரை தேவைப்படும் திரவத்தைப்போல் ஒன்றரை மடங்கு கொள்ளளவு வேண்டும் என்பதும் அதன் நிபந்தனை. கடையில் கையில் எடுத்துப் பார்க்கும் கலனை முதலில் இந்த இரண்டு அளவுகோல்களால் மதிப்பிடலாம். பார்வைத் துளை இல்லாத அலுமினியக் கலன் எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தெடுக்கப்பட்டிருந்தாலும் முதல் சோதனையிலேயே தோற்றுவிடும். விரல் பருமனே உள்ள சிறு குடுவைகளில் பல, இரண்டாவது சோதனையைத் தாண்டுவது கடினம்.

முற்றிலும் ஒளி ஊடுருவும் குடுவைகளில் வேறு சிக்கல் உள்ளது. 'பிரேக் ஆயில்' என்று வழங்கப்பட்டாலும் அது எண்ணெய் அன்று. பெரும்பாலான வாகனங்களில் இருப்பது கிளைக்கால் வகைத் திரவம். அக்ரிலிக், பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குகளை அது நாளடைவில் அரித்து மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். வாகன நிறுவனங்கள் மங்கலான, பால்நிறப் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துவதன் காரணம் சிக்கனம் மட்டுமல்ல.

கலனைத் தனியே பொருத்தி மாஸ்டர் சிலிண்டருடன் குழாயால் இணைக்கும்போதுதான் அதிகத் தவறுகள் நேர வாய்ப்புள்ளது. கையில் கிடைத்த பெட்ரோல் குழாயை மாட்டிவிடுவது அவற்றுள் முதன்மையானது. பெட்ரோலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர், பிரேக் திரவத்தில் ஊறினால் உப்பி மென்மையாகிவிடும். இதற்கு ஈபிடிஎம் ரப்பரால் ஆன குழாய் தேவை. கலன், மாஸ்டர் சிலிண்டரைவிட உயரமாக இருப்பதும் அவசியம். தாழ்வாக இருந்தால் திரவம் தானாக இறங்காது; காற்று புகவும் வழி ஏற்படும். மூடிக்கு அடியில் உள்ள ரப்பர் சவ்வையும், மூடியில் உள்ள காற்றுத் துளையையும் சிலர் தேவையற்றவை எனக் கருதுகின்றனர். திரவம் இறங்கும்போது சவ்வு சுருங்கி விரிந்து இடத்தை நிரப்பும். ஈரக்காற்று திரவத்தைத் தொடாமலும் தடுக்கும். துளை அடைபட்டால், திரவம் கீழிறங்கும்போது கலனுக்குள் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் தடைபடும்.

ஈரம் ஏன் ஆபத்து என்பதற்கு எண்களே விடை. டாட் 4 வகைத் திரவம் புதியதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீத நீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரியாகக் குறைகிறது. மலைச்சாலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் உருவாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. ஆவியைச் சுருக்க முடியும். அந்நிலையில் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும், வண்டி நிற்காது.

சிந்தினால் பெயிண்ட்டை உரித்துவிடும் என்பதால், சிலர் கிளைக்காலுக்குப் பதிலாக டாட் 5 எனப்படும் சிலிக்கோன் திரவத்தை நாடுகின்றனர். இது ஏபிஎஸ் அமைப்புக்குப் பொருந்தாது. கிளைக்கால் திரவத்துடன் கலக்கவும் கூடாது. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய இருசக்கர வாகனங்களில் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் இந்த எச்சரிக்கை பலருக்கும் பொருந்தும். டாட் 5.1 என்பது பெயரில் நெருங்கியதாயினும் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது.

சட்டம் சொல்வது என்ன?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பிரேக் ஆயில் கலன் பதிவுச் சான்றிதழில் இடம்பெறும் விவரம் அன்று. எனினும், அனுமதியற்ற விதத்தில் உதிரிபாகங்களைப் பொருத்தும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது இரண்டும் விதிக்க 182ஏ பிரிவு வகை செய்கிறது. இங்கு கூடுதல் கவனம் பெற வேண்டியது 190-ஆவது பிரிவு. இயல்பான கவனத்துடன் பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய ஆபத்தான குறைபாட்டுடன் வாகனம் ஓட்டுவதும் அதன்கீழ் குற்றமாகும். அளவே தெரியாத கலனைப் பொருத்தியவர், கவனித்துதான் வந்தேன் என்று வாதிடுவது எளிதல்ல.

தோற்றமும் பாதுகாப்பும் ஒருசேர வேண்டுவோருக்கு, மற்றொரு மாடலுக்காக வாகன நிறுவனமே தயாரித்த சிறிய, உருண்டையான கலன் நல்ல தேர்வாக அமையலாம். பொருத்திய பின் திரவம் நிரப்பிக் காற்றை வெளியேற்றி, அளவைக் கோடிட்டு ஓரிரவு விட்டுவிட வேண்டும். காலையில் அளவு குறைந்திருந்தாலோ, இணைப்புகளில் ஈரம் தெரிந்தாலோ, லீவர் அழுத்தமின்றி உள்ளே சென்றாலோ வாகனத்தைச் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது.