கூட்ட மண்டபத்துக் கம்பியில்லா மைக்கும் இரைச்சலும்

பேரவைக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது ஒலிபெருக்கி இரையுமாயின், உறுப்பினர் காதில் பாதித் தொகையே விழும். கேளாத கணக்குக்குக் கை தூக்குவது மெய்யான ஒப்புதல் ஆகாது. செஞ்சிப் பக்கத்துச் சீயமங்கலம் போன்ற சிற்றூர்ச் சங்கத்தாருக்கும் பயன்படுமெனக் கருதி, இவ்விரைச்சலின் காரணத்தையும் பரிகாரத்தையும் இங்கு விளக்குவோம்.

கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த அதே 1904ஆம் ஆண்டில், கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தைக் கொண்டு வானொலி அலையை உணரும் கருவிக்கு ஜகதீச சந்திர போஸ் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அலையை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் பொருள், அதிலுள்ள ஒலியைப் பிரித்துக் கொடுக்கும். அன்று வேண்டிப் பெற்ற இக்குணமே இன்று வேண்டாத இடத்தில் தலைகாட்டுகிறது. நீண்ட கம்பி ஏரியலைப்போல் அலையை ஏந்துகிறது. ஆம்ப்ளிபயரின் முதல் டிரான்சிஸ்டர் அதை ஒலியாக்கிவிடுகிறது. 2ஜி கைப்பேசி விநாடிக்குச் சுமார் 217 முறை விட்டுவிட்டு அலை அனுப்புவதால் எழும் 'டர்ர்' ஓசை இவ்வகையினதே. மலிவான எல்.இ.டி. விளக்கு, சார்ஜர், மிக்ஸி மோட்டார் ஆகியவையும் இரைச்சலுக்குக் காரணமாகும்.

முதலில் இரைச்சல் புகும் வழியை அறிதல் வேண்டும். ரிசீவர் பெட்டியின் ஒலியளவைச் சுழியாக்குக. இரைச்சல் நின்றால் அது வான்வழியே வந்தது. நில்லாவிடில், ஆம்ப்ளிபயரில் செருகிய கம்பியைப் பிடுங்குக. அப்போது நின்றால் குற்றம் கம்பியில். அப்போதும் தொடர்ந்தால் மின்வழியில் என்று கொள்ளலாம்.

வான்வழி இரைச்சலுக்கு: மைக்கையும் ரிசீவரையும் வேறு அலைவரிசைக்கு மாற்றுக. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள எப்.எம். வகையாயின், நிலையம் எதுவும் கேளாத இடத்தைத் தேர்க. ரிசீவரைப் பேசுவோர்க்கு மறைவின்றி, விளக்குக்கும் சார்ஜருக்கும் எட்டி வைக்கவும்.

கம்பிவழி இரைச்சலுக்கு: வலையுறை பொதிந்த குட்டையான கம்பியை இட்டு, உறையை ஆம்ப்ளிபயரின் உலோகப் பெட்டியோடு இணைக்கவும். கம்பி நுழையும் வாயிலிலேயே தொடராக 1000 ஓம் ரெசிஸ்டரும், அதன் பின் தரைக்கு 1000 பிகோபாரட் கண்டென்சரும் வைத்தால், சுமார் 159 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகள் மேலே செல்லச் செல்ல மெலியும். 20 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கும் பேச்சொலிக்கு ஊறில்லை. கண்டென்சரின் கால்கள் நீளலாகாது.

மின்வழி இரைச்சலுக்கு: ரிசீவரைப் பாட்டரியில் ஓட்டிப் பார்க்கவும், குறைந்தால் அடாப்டரை மாற்றவும். அதன் கம்பியைப் பெரைட் வளையத்தில் சில சுற்றுச் சுற்றுவதும் நலம். இரைச்சலை நிறுத்த எண்ணி எர்த் முள்ளை ஒடிப்பது உயிருக்கு ஆபத்து. பெட்டியைத் திறக்கும் வேலை தேர்ந்த மெக்கானிக்குக்கே உரியது.

கூட்டத்திற்கு முதல் நாளே மைக்கில் ஒரு பக்கக் கணக்கை வாசித்து, கடைசி வரிசையில் ஒருவரை அமர்த்திக் கேட்கச் செய்க. அவர் காதில் ஒவ்வொரு தொகையும் தெளிவாக விழுமாயின் ஏற்பாடு சரியே.