ரயில் வந்தாச்சு, ஸ்டேஷனுக்கு எப்படிப் போறது?

மின்சார ரயிலை இன்னும் தூரம் நீட்டப் போறாங்கன்னு பேச்சு வந்தாலே நம்ம குழுக் கூட்டங்களில் ஒரு கேள்வி வரும். "ஸ்டேஷன் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். நமக்கு என்ன லாபம்?" நியாயமான கேள்விதான். ரயில் திட்டம் போடுகிறவர்களே முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

சென்னையில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. அப்போது தாம்பரம் பட்டணத்துக்கு வெளியே இருந்த ஊர். வாடகை கட்டுப்படியாகாமல் ஜனங்கள் தள்ளித் தள்ளிக் குடிபோக, ரயிலும் பின்னாலேயே நீண்டது. இன்று கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை சுமார் 60 கி.மீ. ஓடுகிறது. மேற்கே அரக்கோணம், வடக்கே கும்மிடிப்பூண்டி தாண்டி சூலூர்பேட்டை வரைக்கும் போகிறது.

பட்டணத்துக்குள் இறங்கி நடந்தால் வீடு. தாம்பரம் தாண்டினால் கதை வேறு. சிங்கப்பெருமாள் கோவில், பரனூர் மாதிரி ஸ்டேஷன்களை நம்பி ஐந்து, பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள கிராமங்களும் இருக்கின்றன. சீசன் டிக்கெட் எடுத்தால் மாதம் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் போய் வரலாம். பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. ஆனால் ஸ்டேஷனுக்குப் போகிற ஷேர் ஆட்டோவுக்கே அதைவிட அதிகம் செலவானால் என்ன பிரயோஜனம்? வேலையை விட்டுடுன்னு வீட்டில் சொல்ல அந்த ஒரு காரணம் போதும்.

இதற்குத்தான் வெளிப்புற ஸ்டேஷன்களில் வண்டியை விட்டுவிட்டு ரயில் ஏறுகிற ஏற்பாடு. புதுசு ஒன்றுமில்லை, நாம் சைக்கிள் ஸ்டாண்டு என்று சொல்வதுதான். அதைக் கண்துடைப்பாக ஒரு ஓரத்தில் வைக்காமல், ஸ்டேஷன் கட்டும்போதே பெரிய இடமாக ஒதுக்க வேண்டும். பிறகு பார்த்துக்கலாம் என்றால் இடம் கிடைக்காது. பறக்கும் ரயிலைப் பாருங்கள். 2007-ல் வேளச்சேரி வரை வந்துவிட்டது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்தே கிலோமீட்டர். அதில் அரை கிலோமீட்டர் நிலத்துக்கு நடந்த இழுபறியில் பல வருஷம் வேலை நின்றது.

இடம் யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு கார் நிற்கிற இடத்தில் ஐந்தாறு டூவீலர் நிற்கும், சைக்கிள் இன்னும் அதிகம் நிற்கும். காருக்கே எல்லாம் போய்விட்டால் ஸ்டாண்டு பெரிதாக இருந்தும் நமக்கு இடம் இருக்காது. ஸ்டாண்டை ரயில்வே டெண்டர் விட்டுக் குத்தகைக்குக் கொடுக்கிறது. கட்டணப் பலகை இருக்கிறதா, ரசீது தருகிறார்களா, மாதப் பாஸ் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். டோக்கன் இல்லாமல் வண்டியை விடாதீர்கள்.

வண்டியே இல்லாதவர்கள்? நம்மில் பலர் அப்படித்தான். வண்டி இருந்தாலும் அது வீட்டுக்காரர் கையில்! நம்ம ஸ்டாண்டு பஸ் ஸ்டாப்தான். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. ஆனால் ரயில் 6.10-க்கு, பஸ் வருவது 6.20-க்கு என்றால் இலவசமாக இருந்தும் உபயோகமில்லை. ராத்திரி ரயில் விட்டு இறங்கும்போது பஸ்ஸும் இல்லை, தெருவிளக்கும் இல்லை என்றால் இரண்டாவது ஷிப்டுக்கு யார் அனுப்புவார்கள்?

ஆக, மனு இரண்டு இடத்துக்குப் போக வேண்டும். ஸ்டாண்டு, அதில் விளக்கு, கூரை, பெண்கள் கழிப்பறை இவையெல்லாம் ரயில்வே கோட்ட மேலாளருக்கு. பஸ் நேரம், ஸ்டேஷன் ரோட்டு விளக்கு இவற்றைக் கிராம சபையில் தீர்மானமாகப் போட்டு, திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் கொடுங்கள். "பஸ் வசதி வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த ஊரிலிருந்து எத்தனை பெண்கள், எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும், ராத்திரி எத்தனை மணிக்கு இறங்குகிறார்கள் என்று குழுவாரியாகக் கணக்கெடுத்து ஒரு தாளில் இணையுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்கிக் குழு கோப்பில் வையுங்கள்.