திராம்பாக்சேனை அளக்கும் விதம்

தம்பானூர் ரயில் நிலையத்தில் வந்திறங்கும் தமிழர்களுள், இருதய வைத்தியத்தை நாடி ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்துக்குச் செல்வோரும் உளர். இருதய நோயாளர் பலரது மருந்துச் சீட்டில் ஆஸ்பிரின் இடம்பெறுகிறது. தலைவலி மாத்திரைக்கும் இருதயத்துக்கும் என்ன தொடர்பு என நேயர்கள் வினவலாம்.

குருதியிலுள்ள தட்டணுக்கள் ஒருவகைக் கொழுப்புப் பொருளை உண்டாக்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கொழுப்பு என்றதும் நெய்யை எண்ணவேண்டா. இது செய்தி சுமக்கும் நுண்பொருள். 1975-இல் ஸ்வீடனில் பெங்ட் சாமுவேல்சன் குழுவினர் இதனைக் கண்டு, திராம்பாக்சேன் எனப் பெயரிட்டனர். இதன் ஆக்கத்தையே ஆஸ்பிரின் தடுக்கிறது. தடுக்கிறதா என்று அறிய அளந்தாக வேண்டும். ஆனால் உடற்சூட்டில் அரை நிமிடத்துக்குள் அதில் பாதி மாறிவிடும். ஆகவே மாறி எஞ்சும் பொருளை அளக்கிறோம்.

அதற்குரிய கருவி நிறை நிறமாலைமானி, அதாவது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். முன்னாளில் ரயில் நிலையங்களில் காசுக்கு எடைச் சீட்டுத் தந்த இயந்திரம் போன்றதன்று இது. மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் தந்து, வெற்றிடத்தில் ஓடவிட்டு, அவற்றின் போக்கைக்கொண்டு நிறையை அறிகிறது. நிறை மட்டும் போதாது. இதே குடும்பத்தில் காய்ச்சலை எழுப்பும் புரோஸ்டாகிளாண்டின் இ2, உறக்கத்தை அழைக்கும் டி2 ஆகிய இரண்டுக்கும் மூலக்கூற்று நிறை 352. எனவே நுண்துகள் நிரம்பிய குழாயொன்றில் கலவையை முதலில் செலுத்துவர். ஒன்று முந்தும், மற்றது பிந்தும். வழியில் நேரும் இழப்பை அறிய, டியூட்டீரியம் சேர்த்துச் சற்றுக் கனமாக்கிய அதே பொருளைத் தெரிந்த அளவில் முன்னரே கலப்பர். அந்த நகலில் பாதி தொலைந்தால் அசலிலும் பாதி தொலைந்தது எனக் கொள்வர். நல்ல கணக்குப்பிள்ளையின் யுக்தி!

கருவி இவ்வளவு நுட்பமாயினும் ஏமாற இடமுண்டு. எடுத்த குருதியைச் சோதனைக்குழாயில் உறையவிட்டால், தட்டணுக்கள் அங்கேயே திராம்பாக்சேனைக் குவிக்கும். உடலில் ஓடும் குருதியில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு பைக்கோகிராமே உண்டு. பைக்கோகிராம் என்பது கிராமில் லட்சங்கோடியில் ஒரு பங்கு. உறைந்தபின் அது ஏறத்தாழ 300 நானோகிராம், லட்சம் மடங்குக்கும் மேல்! தட்டணுக்களின் திறனை ஆஸ்பிரின் எவ்வளவு அடக்கியது என்று காண இவ்வளவு உதவும். உடலுக்குள் நாள்தோறும் உண்டாவது எவ்வளவு என்பதை இது காட்டாது.

அதற்காகச் சிறுநீரில் கழியும் 11-டிஹைட்ரோ திராம்பாக்சேன் பி2 என்ற சிதைபொருளை அளக்கிறார்கள். ஊசி குத்துவதால் இது பெருகுவதில்லை. அருந்திய தண்ணீருக்கேற்பச் சிறுநீரின் செறிவு மாறுமாதலால், கிரியேட்டினினையும் உடன் அளந்து, அதன் விகிதமாகவே முடிவைக் குறிப்பர்.