சொட்டும் இடம் ஒன்று, ஊறும் இடம் வேறு

படுக்கையறைக் கூரையில் ஓதம் காத்து, காரை பொரிந்து உதிர்கிறது. நேர் மேலே மொட்டை மாடியில் பார்த்தால் தட்டோடு பழுதில்லாமல் இருக்கிறது. கொத்தனார் ஓரிடத்தைக் குத்துமதிப்பாக உடைத்துப் பூசிவிட்டுப் போகிறார். அடுத்த ஐப்பசியில் மறுபடி சொட்டுகிறது.

கொத்தனாரைக் குறை சொல்ல முடியாது. தட்டோட்டு இடுக்கில் இறங்கும் நீர், அடியிலுள்ள செங்கல் ஜல்லியில் ஊறி, வாட்டத்தோடு நகர்ந்து, கான்கிரீட்டில் வழி கிடைத்த இடத்தில்தான் கீழே வரும். அந்த ஊறலைக் காட்டிக்கொடுப்பது சூடு. ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி சூடேற, ஒரு கிலோ கான்கிரீட்டுக்கு வேண்டியதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும். அது ஆறவும் அப்படியே நேரமாகும். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தளம் பொழுது சாய்ந்ததும் ஆறத் தொடங்கும்போது, காய்ந்த பகுதி முந்திக்கொள்ளும். ஊறிய பகுதி சூட்டை விடாது. அந்நேரம் வெப்பப்படக் கேமராவுடன் ட்ரோனை ஏற்றினால், திரையில் நீலத் தளத்தின் நடுவே ஆரஞ்சுத் திட்டு ஒன்று, தண்ணீர்த் தொட்டியடியில் தொடங்கிக் கைப்பிடிச் சுவர்வரை நாக்கு நீட்டிக் கிடக்கும். வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே தெரியாது.

மேற்பரப்பே நனைந்திருந்தால் படம் ஏமாற்றும். பளபளக்கும் தகரக் கூரையோ வானத்தின் குளிர்ச்சியையே திருப்பிக் காட்டும். ஆகவே திட்டைக் கண்டதும் ஒரு தட்டோட்டைப் பெயர்த்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.

வீட்டு மாடியிலாவது நடக்கலாம். ஆலைக் கொட்டகைகளின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பார்க்க முழுசாக இருக்கும், கால் வைத்தால் உடையும். பழகியவர்கள் போல்ட் வரிசையைப் பிடித்தே நடப்பார்கள். பாசியில் வழுக்கினால் அந்தப் பழக்கமும் காப்பாற்றாது. விரிசல் தேட ஆளை மேலே ஏற்றும் வழக்கத்தை இனி அடியோடு விட்டுவிட வேண்டும். ட்ரோன் வரிசை வரிசையாகப் பறந்து, ஒரு படத்தின் முக்கால் பங்கு அடுத்த படத்திலும் வரும்படி எடுக்கிறது. மென்பொருள் அவற்றை ஒரே கூரையாக ஒட்டிவிடும். 20 மெகாபிக்சல் கேமரா 10 மீட்டர் உயரத்தில் நின்றால் படத்தின் ஒரு புள்ளி ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். மயிரிழை விரிசலுக்கு இன்னும் தாழப் பறக்க வேண்டும்.

ட்ரோனை ஏற்றச் சட்டமும் இடம் தருகிறது. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளின்படி வான்வெளியின் பச்சை மண்டலத்தில் 400 அடிவரை பறக்க முன் அனுமதி வேண்டாம்; சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ஏற்றவே கூடாது.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் நம் ஊர்களில் வெப்பப்படத்தில் ஊறலைத் தேடத் தோதான காலம் தை மாதம். தட்டோடு காய்ந்திருக்கும், ஜல்லிக்குள் ஐப்பசித் தண்ணீர் இன்னும் வற்றியிருக்காது.