படிவப் பொத்தானும் வலையமைப்புக் கோப்பும்

சுவடிப் பதிப்பில் ஒரு சொல்லுக்கு இரு பாடங்கள் காணப்படுமிடத்து, தாம் கொண்ட பாடத்திற்குச் சான்று காட்டுதல் பதிப்பாசிரியரின் கடன். அச்சு நூல்களில் அடிக்குறிப்பு அப்பணியை ஆற்றியது. பி.டி.எஃப். வடிவில் அமையும் பதிப்பிலோ பாடத்தின் அருகே ஒரு பொத்தானை அமைத்து, அதனை அழுத்திய அளவில் ஓலையின் ஒளிப்படம் திறக்குமாறு செய்தல் இயலும். ஒளிப்படக் கோப்புகள் அளவிற் பெரியன; ஆதலின் அவை துறையினர் அனைவர்க்கும் பொதுவான வலையமைப்பு இயக்ககத்தில் வைக்கப்பெறுதல் வழக்கம். பொத்தான் பிழைபடின் சான்று கிட்டாது. படிப்பவர் பதிப்பாசிரியரின் சொல்லை நம்புதலன்றி வேறு வழியிலர்.

இப்பொத்தான் கோப்பைத் தன்னுள் கொண்டதன்று; கோப்பின் இருப்பிடத்தை மட்டுமே அறிவது. குழப்பம் அனைத்தும் இருப்பிடத்தைக் குறிக்கும் முறையிலேயே பிறக்கின்றது. விண்டோஸ் கணினியில் வலையமைப்பு இயக்ககத்திற்கு ஓர் எழுத்தைப் பெயராக இடுவர். அப்பெயர் அக்கணினியைப் பயன்படுத்தும் அப்பயனருக்கே உரியது. யான் அமைத்த பதிப்பொன்றில் பொத்தான்கள் யாவும் 'இசட்' என்னும் எழுத்தையே சுட்டின; என் மேசையில் ஒன்றும் தவறவில்லை. அடுத்த அறையில் அதே இயக்ககம் 'ஒய்' எனப் பெயர் பெற்றிருந்தமையின், ஆங்கு ஓர் ஏடேனும் திறந்திலது.

எழுத்தை விடுத்துச் சேவையகத்தின் பெயரையும் பகிர்வுக் கோப்புறையின் பெயரையும் முழுமையாகக் குறிப்பின் இவ்விடர் நீங்கும். எனினும் சேவையகத்தின் பெயர் மாறுமாயின் எல்லாப் பொத்தான்களும் ஒருங்கே பயனிழக்கும். ஆதலின் பதிப்பையும் ஒளிப்படங்களையும் ஒரே கோப்புறையின்கீழ் அமைத்து, பதிப்பிருக்கும் இடத்தை நோக்கிய சார்பு முகவரியைக் கையாளுதலே சிறந்தது என்பது என் துணிபு. கோப்புறை முழுவதும் வேறிடம் பெயரினும் தொடர்பு அறாது. பதிப்பை மட்டும் தனியே படியெடுத்துச் செல்வார்க்கு இம்முறையும் உதவாது என்பது உண்மையே.

தமிழில் பெயரிட்ட கோப்புகட்கு வேறோர் இடையூறும் உண்டு. கோப்பின் பெயரை யுனிகோடில் குறித்தற்கெனத் தனி உறுப்பு, பி.டி.எஃப். 1.7 என்னும் பதிப்பிலேதான் இடம்பெற்றது. அப்பதிப்பே 2008-இல் ஐ.எஸ்.ஓ. 32000-1 என்னும் உலகத் தரமாயிற்று. அதன் பின்னும் சிக்கல் முற்றும் தீர்ந்திலது. 'கொ' என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீட்டாலும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரு குறியீடுகளாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விண்டோஸின் கோப்பு முறைமையோ அவற்றை வெவ்வேறு பெயர்களாகக் கொள்ளும். பொத்தானில் ஒரு முறையும் கோப்பில் மற்றொரு முறையும் அமையின் கோப்பு அகப்படாது. சுவடி எண், ஏட்டெண், பக்கம் என இலக்கங்களால் மட்டும் பெயரிடுவார்க்கு இத்தொல்லை இல்லை.

இனி, ஒளிப்படத்தைத் திறக்கும் செயல் வேறு; மற்றொரு பி.டி.எஃப். ஆவணத்தின் குறித்த பக்கத்திற்குச் செல்லும் செயல் வேறு. முன்னதை ஐயத்திற்குரியதாகக் கருதி மென்பொருள் எச்சரித்தலும் தடுத்தலும் உண்டு. நெடுங்காலப் பாதுகாப்பிற்கென 2005-இல் வெளிவந்த பி.டி.எஃப்./ஏ தரமும் அதனை விலக்குகின்றது. எனவே ஒரு சுவடியின் ஏடுகளையெல்லாம் ஒரு பி.டி.எஃப். ஆவணமாகத் தொகுத்து, உரிய பக்கத்தைப் பொத்தானால் சுட்டுதல் தக்கது. நூலகத்தில் வைப்பதற்குரிய படிக்கு இதுவும் போதாது; 2012-இல் வந்த அத்தரத்தின் மூன்றாம் பகுதி எவ்வகைக் கோப்பையும் ஆவணத்தினுள்ளேயே பொதிய இடந்தருதலின், சான்றாகும் ஏடுகளை மட்டுமேனும் ஆங்குப் பொதிந்து வைத்தல் வேண்டும்.