மூளையின் கடிவாளம்

காண்பது கண் எனினும், கண்டதைப் பொருளாக உணர்வது மூளை. விழித்திரையில் விழும் ஒளி நரம்புத் துடிப்புகளாக மாறி, மூளையின் பின்பகுதியிலுள்ள பார்வைப் புறணியைச் சென்றடைகிறது. அங்குள்ள நரம்பணுக்கள் அனுபவத்திற்கேற்பத் தம் இணைப்புகளை மாற்றிக்கொள்கின்றன. இவ்வியல்பே நெகிழ்திறன் எனப்படும்.

1960களில் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகிய அறிஞர்கள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடிவைத்து ஆராய்ந்தனர். பின்னர்க் கண்ணைத் திறந்தபோதும், புறணியின் நரம்பணுக்கள் மூடப்படாதிருந்த மற்றொரு கண்ணின் தூண்டலையே பெரிதும் ஏற்றன. வளர்ந்த பூனைகளிடம் இம்மாற்றம் நிகழவில்லை. இளமைக்குரிய இக்காலத்தை மாறுநிலைப் பருவம் என்பர். இவ்விருவரும் 1981ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

இப்பருவத்தைத் தொடங்குவதும் முடிப்பதும் எவை? புறணியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக உள்ள தடுப்பு நரம்பணுக்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. இவை 'காபா' என்னும் வேதிப்பொருளைச் சுரந்து, அண்டை நரம்பணுக்களின் கிளர்ச்சியை அடக்குகின்றன. காபா போதிய அளவு சுரக்காத எலிகளில் மாறுநிலைப் பருவம் தொடங்கவே இல்லை. காபாவின் செயலை வலுப்படுத்தும் மருந்தை அளித்ததும் அது தொடங்கியது. 1998ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வாய்வு, அடக்குதலும் கற்றலுக்குத் துணை என்பதை உணர்த்தியது.

தடுப்பு நரம்பணுக்கள் முதிரும்போது, அவற்றுள் பலவற்றைப் புரதமும் சர்க்கரையும் சேர்ந்த நுண்வலை சூழ்ந்து இணைப்புகளை நிலைப்படுத்துகிறது. வளர்ந்த எலிகளில் இவ்வலையை நொதியால் கரைத்தபோது நெகிழ்திறன் மீண்டதை 2002ஆம் ஆண்டு இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். எலி ஓடும்போது ஒருவகைத் தடுப்பு நரம்பணு மற்றொரு வகையை அடக்க, கிளர்த்தும் நரம்பணுக்கள் கூடுதலாகச் செயல்படுகின்றன. காட்சிகளைக் கண்டவாறே ஓடிய வளர்ந்த எலிகளில், இளமையில் மூடப்பட்ட கண்ணுக்குரிய நரம்பணுச் செயல்பாடு விரைந்து மீண்டது.

மாறுகண், பிறவிக் கண்புரை போன்ற குறைகளை இளமையிலேயே சரிசெய்யாவிடில், 'சோம்பேறிக் கண்' என்னும் பார்வைக் குறைபாடு நிலைத்துவிடக்கூடும். ஆகவே, உரிய வயதில் கண் பரிசோதனை இன்றியமையாதது. அவ்வாய்ப்பை இழந்தோருக்கு இவ்வாய்வுகள் நம்பிக்கை அளிக்கின்றன. எனினும், தடுப்பை முற்றிலும் நீக்கினால் கிளர்ச்சி கட்டுமீறி வலிப்பு ஏற்படும். கடிவாளத்தை அறுத்தெறிவதன்று, அதனை அளவறிந்து தளர்த்துவதே அறிவியலின் முன்னுள்ள பணி.