கிளி ஏன் கடிக்கிறது?

"சோறு போட்ட கையையே கடித்துவிட்டது சார், யாருக்காவது கொடுத்துவிடலாமா?" என்று நம் நாக்பூர் அன்பர்கள் சிலர் கேட்கிறார்கள். அவசரம் வேண்டாம்.

கிளிக்கு அலகுதான் கை. விரலில் ஏறுமுன் தாங்குமா என்று அலகால் பிடித்துப் பார்க்கும். அப்போது விரலை வெடுக்கென்று இழுத்தால் மிரண்டுபோய் அடுத்த தடவை அழுத்திப் பிடிக்கும்.

நிஜமான கடிக்கு முன்னால் எச்சரிக்கை உண்டு. சிவப்புக்கு முன்பே மஞ்சள் காட்டும் டிஸ்டன்ட் சிக்னல் மாதிரி. (ரயில்வே புத்தி, போகாது!) எங்கள் வீட்டில் இருப்பவை இரண்டு காக்கடீல்கள்; பூர்வீகம் ஆஸ்திரேலியா. கொண்டை நிமிர்ந்தால் எதையோ உன்னிப்பாகக் கவனிக்கிறது. கொண்டை தலையோடு ஒட்டப் படிந்து, வாயைத் திறந்து சீறினால் கையை நீட்டாதீர்கள். என் பேத்தி இதை என்னைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறாள்.

கடித்தால் கூச்சல் போடாதீர்கள். அது கிளிக்கு வேடிக்கையாகிவிடும். அடிக்கவே கூடாது. மெதுவாக இறக்கிவிட்டுச் சற்று நேரம் கண்டுகொள்ளாமல் இருங்கள். இரவில் 10 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். டி.வி. அலறும் ஹாலில் அது எங்கே கிடைக்கும்? இனப்பெருக்கக் காலத்தில் சாதுவான பறவைகூடக் கூண்டருகே விடாது.

ஊர் ஞாபகத்தில் பச்சைக்கிளி வாங்க நினைப்பவர்களுக்கு: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

காயம் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். ஆழமாக இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.